எரிந்த ஹூக்கா புகையிலையை மாடித்தோட்டத்தில் போடலாமா?

மொட்டைமாடி | 11-11-2023, இரவு 9.40

முகப்பேர். கீழ் வீட்டுப் பசங்க வாரம் ரெண்டு தடவை ஹூக்கா போடறாங்க. எரிஞ்சு முடிஞ்ச புகையிலையை ஒரு டப்பாவுல சேத்து வெச்சு, "ஆன்ட்டி, இலைதானே, செடிக்குப் போடுங்க"ன்னு குடுக்கறாங்க. மூணு குரோ பேக்குல போட்டாச்சு. ரெண்டுல சிறுகீரை, ஒண்ணுல தக்காளி. பூச்சி குறைஞ்ச மாதிரிதான் தெரியுது. இப்ப ஒருத்தர் அதுல ஹெவி மெட்டல் இருக்கும்னு பயமுறுத்தறாரு. நெசமா, இல்ல வாட்ஸப் கதையா?

வேப்பெண்ணெய் | 11-11-2023, இரவு 10.15

புகையிலைக் கரைசல் தாத்தா காலத்துலருந்து அடிக்கறதுதான். இலை மண்ணுல வந்துது, மண்ணுக்கே போவுது. ஒண்ணும் ஆவாது, போடுங்கக்கா.

அமிலக்குடுவை | 12-11-2023, காலை 11.20

தீபாவளியும் அதுவுமாக உலோகக் கேள்வி. வெளியே பேரியம் பச்சையாகவும் ஸ்ட்ரான்ஷியம் சிவப்பாகவும் வெடித்துக்கொண்டிருக்கின்றன, பொருத்தம்தான்.

வாட்ஸப் கதை இல்லை. மண்ணில் காட்மியம் என்ற நச்சு உலோகம் கொஞ்சம் இருந்தாலும் புகையிலைச் செடி அதை வேரில் நிறுத்தி வைக்காது, இலைக்கு ஏற்றிவிடும். பாறையிலிருந்து வந்ததா, பாஸ்பேட் உரத்தோடு வந்ததா என்று பார்க்காது. காய்ந்த இலையில் கிலோவுக்கு அரை மில்லிகிராமிலிருந்து 3 மில்லிகிராம் வரை காட்மியம் சாதாரணமாகவே கிடைக்கும். ஈயமும் ஏறக்குறைய அதே வரிசையில் வரும். நிக்கல், குரோமியம் சில மில்லிகிராம். ஆர்செனிக் இவற்றைவிடக் குறைவு. இரானில் புஷெர் நகரத்தில் ஹூக்காவில் எரிந்து முடிந்த கழிவை மட்டும் எடுத்து உலோகம் பார்த்த ஆய்வுகளே வந்திருக்கின்றன. பாகு சேர்த்த வாசனை வகை, சேர்க்காத நாட்டு வகை, இரண்டையும் பார்த்தார்கள்.

சிகரெட்டும் ஹூக்காவும் பிரிகிற இடம் வெப்பம். சிகரெட்டை இழுக்கும்போது முனை 900 டிகிரி செல்சியஸ் வரை போகும். காட்மியத்தின் கொதிநிலை 767. அதனால் அதில் ஒரு பங்கு புகையோடு போய்விடும். ஹூக்காவில் கரி மேலே, நடுவில் ஃபாயில், அதற்கும் கீழேதான் புகையிலை. அது 450-ஐத் தாண்டுவது அரிது. ஆகவே உலோகத்தில் பெரும்பங்கு புகையிலை வைத்த கிண்ணத்திலேயே நின்றுவிடும். இழுக்கிறவருக்கு இதில் கிடைத்த லாபத்தைக் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வட்டியோடு வசூலித்துவிடும். டப்பாவை வாங்கிக்கொண்டவருக்கு மிஞ்சுவது கழிவு.

கீரைக்குப் போடாதீர்கள். இலைக்காய்கறிகள்தான் காட்மியத்தை முதலில் இழுப்பவை. தக்காளிக்கும் போடாதீர்கள், அங்கே காரணம் வேறு: புகையிலைத் தேமல் வைரஸ். தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் புகையிலைக்குப் பங்காளிச் செடிகள். அந்த வைரஸைச் செயலிழக்க வைக்கவே சுமார் 93 டிகிரியில் 10 நிமிடம் வேண்டும். கிண்ணத்தின் மேல் அடுக்கு கருகிப் பொறுக்காகும், அடி அடுக்கோ ஈரத்தோடு பிசுபிசுவென்று அப்படியே இருக்கும். மேலே செத்ததை வைத்து அடியிலும் செத்திருக்கும் என்று நம்ப முடியாது.

வேப்பெண்ணெய் சொன்ன கரைசல் நிகோட்டின் வேலை. இலையை ஊறவைத்து வடிகட்டித் தெளிப்பதும், எரிந்த சக்கையை மண்ணில் வாரக்கணக்கில் சேர்த்துக்கொண்டே போவதும் ஒன்றில்லை.

மொட்டைமாடி | 12-11-2023, மதியம்

அடப்பாவமே. கீரை ஒரு தடவை பறிச்சு மசியலே பண்ணியாச்சு.

அமிலக்குடுவை | 12-11-2023, மாலை

ஒரு மசியலுக்குக் கவலை வேண்டாம் அக்கா. காட்மியம் சிறுநீரகத்தில் பத்து, இருபது வருடக் கணக்கில் சேர்ந்துதான் தொல்லை தரும். இனிமேல் போடாதீர்கள், அவ்வளவுதான்.

அமிலக்குடுவை | 14-11-2023

இன்னொன்று. அபாயக் கழிவு விதிகளில் (2016) டிசிஎல்பி என்ற கரைசோதனை இருக்கிறது. அதில் காட்மியத்துக்கு வரம்பு 1 மி.கி., ஈயத்துக்கு 5. இலையில் காட்மியம் 2 மி.கி. என்று வைத்தாலே வரம்பைத் தாண்டிவிடுகிறது. அதாவது இது சட்டப்படியே அபாயக் கழிவு ஆக வாய்ப்புண்டு.

குப்பைவண்டி | 14-11-2023

குடுவை சார், கொஞ்சம் இருங்க. அந்த 1 மி.கி. லிட்டருக்கு. உங்க 2 மி.கி. கிலோவுக்கு. ஆட்டோ மீட்டரையும் கரண்ட் மீட்டரையும் கூட்டின மாதிரி இருக்கு.

அமிலக்குடுவை | 15-11-2023

குப்பைவண்டி சொன்னது சரி. நேற்றைய குறிப்பை அழிக்கவில்லை, தப்பு தெரியும்படியே இருக்கட்டும்.

டிசிஎல்பியில் ஒரு பங்கு கழிவுக்கு இருபது பங்கு அசிட்டிக் அமிலக் கரைசல். நிமிடத்துக்கு 30 சுற்றில் 18 மணி நேரம் சுழற்றி, கண்ணாடி நார் வடிதாளில் வடித்து, வடிநீரில் அளப்பார்கள். கழிவில் உள்ள உலோகம் ஒரு துளி மிச்சமில்லாமல் கரைந்தாலும், கிலோவுக்கு 2 மி.கி. என்பது லிட்டருக்கு 0.1 மி.கி. ஆகத்தான் வரும். 1-ஐத் தொடவே தொடாது. ஆகவே மொத்த அளவை இருபதால் வகுத்துப் பாருங்கள். வகுத்த எண்ணே வரம்புக்குக் கீழ் என்றால் சோதனைக்குக் காசு கட்ட வேண்டியதில்லை.

ஆனால் வரம்பைத் தாண்டவில்லை என்பதும் தோட்டத்தில் போடலாம் என்பதும் வேறு வேறு. டிசிஎல்பி குப்பைமேட்டுக்கு எழுதினது, குரோ பேக்குக்கு இல்லை. குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் காட்மியம் லிட்டருக்கு 0.003 மி.கி., ஈயம் 0.01. உரத்துக்கு வேறு பட்டியல்: நகரக் கழிவு உரத்தில் கிலோவுக்குக் காட்மியம் 5, ஈயம் 100, நிக்கல் 50, குரோமியம் 50, ஆர்செனிக் 10, பாதரசம் 0.15 மி.கி. எந்தப் பட்டியலோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லாமல் "வரம்புக்கு மேல்", "வரம்புக்குள்" என்று எழுதுவது வெறும் சத்தம். நேற்று அதைத்தான் செய்தேன்.

பிப்பெட் | 19-11-2023

சார், எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு இதையே எடுத்துக்கலாம்னு இருக்கேன். ஹூக்கா பார்லருந்து சாம்பிள் வாங்கி, ஏஏஎஸ்-ல (உலோகம் அளக்கற கருவி) காட்மியம், ஈயம், குரோமியம், நிக்கல். எரியறதுக்கு முன்ன, பின்ன. சரியா வருமா?

குப்பைவண்டி | 19-11-2023

தம்பி, பாரா? தமிழ்நாட்டுல ஹூக்கா பாருக்குத் தடை. 2022 அக்டோபர்ல சட்டப்பேரவையில நிறைவேத்தின திருத்தம். நடத்தினா கம்மி 1 வருஷம், அதிகம் 3 வருஷம் ஜெயில், 20,000 முதல் 50,000 வரை அபராதம். சாம்பிள் எடுக்கப் போய் நீயே சாம்பிள் ஆயிடாத. வீடுகள்ல எரிஞ்சதைக் கேட்டு வாங்கு.

அமிலக்குடுவை | 20-11-2023

பிப்பெட் தம்பி, புராஜெக்ட் நல்லது. முன்-பின் ஒப்பீட்டில்தான் எல்லாரும் விழுவார்கள், நீங்களும் விழாமல் இருக்க ஒரு கணக்கு. எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை.

கிண்ணத்தில் 15 கிராம் போடுகிறார்கள். அதில் இலை மூன்றில் ஒரு பங்கு, மீதி பாகும் கிளிசரினும். ஈர எடையில் காட்மியம் கிலோவுக்கு 0.40 மி.கி. என்றால் கிண்ணத்தில் இருப்பது 6 மைக்ரோகிராம். எரிந்து முடிந்தபின் 9 கிராம் மிஞ்சுகிறது. காட்மியத்தில் நூற்றுக்கு 5 பங்கு புகையோடு போனாலும் 5.7 மைக்ரோகிராம் நிற்கும். இப்போது கிலோவுக்கு 0.63. "எரித்ததும் காட்மியம் ஒன்றரை மடங்கானது" என்று தலைப்புப் போட்டுவிடலாம். உண்மையில் காட்மியம் குறைந்திருக்கிறது, எடை அதைவிட அதிகமாகக் குறைந்திருக்கிறது. அதே 9 கிராமைச் சாம்பலாக்கினால் 1.2 கிராம் வரும், அப்போது 4.75. ஒரே கிண்ணம்: 0.40, 0.63, 4.75. மூன்றுமே சரியான எண். எந்த எடையின் மேல் என்று எழுதாவிட்டால் மூன்றுமே பொய்.

அதனால் ஒவ்வொரு கிண்ணத்தையும் முன்னும் பின்னும் எடை போடுங்கள், 0.01 கிராம் தராசு போதும். முடிவை இரண்டு விதமாக எழுதுங்கள்: கிலோவுக்கு எத்தனை மி.கி., ஒரு கிண்ணத்துக்கு எத்தனை மைக்ரோகிராம். இரண்டாவதுதான் முன்-பின் ஒப்பிட உதவும்.

அமிலக்குடுவை | 20-11-2023, இரவு

மறந்தது. "உலர் எடை" என்று ஒரு வார்த்தையில் தப்பிக்க முடியாது. வழக்கமான 105 டிகிரியில் கிளிசரின் மெல்ல மெல்லப் பறந்துகொண்டே இருக்கும், எடை நிலைக்கவே நிலைக்காது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு எண், பத்து மணிக்கு இன்னொன்று. 60 டிகிரியில் 48 மணி நேரம் என்று ஒரே விதியாக வைத்துக்கொண்டு அதை அப்படியே எழுதிவிடுங்கள். உறைய வைத்து உலர்த்தும் வசதி இருந்தால் அது மேல்.

பிப்பெட் | 21-11-2023

சாம்பிளை மிக்ஸியில அரைச்சுக்கலாமா சார்?

அமிலக்குடுவை | 21-11-2023

சட்னி என்றால் அரைக்கலாம். மிக்ஸி பிளேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதாவது குரோமியமும் நிக்கலும். அளக்கப் போகிற இரண்டையும் நீங்களே சேர்த்துவிடுவீர்கள். அகேட் உரலில் அரையுங்கள். பிசுபிசுப்பாக இருந்தால் முதலில் உலர்த்தி, பிறகு. சல்லடை நைலானில் இருக்கட்டும், பித்தளைச் சல்லடை செம்பும் துத்தநாகமும் கொஞ்சம் ஈயமும் தரும். பாட்டில்களை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறப்போட்டுக் கழுவுங்கள். சாம்பிள் இல்லாமல் அமிலம் மட்டும் போட்ட குடுவை, அதுதான் பிளாங்க், ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டாவது வேண்டும்.

எடுக்கும் முறையும் முக்கியம். ஒரு கிண்ணத்தைத் திறந்தால் மேலே ஃபாயில். அதில் ஊசித் துளைகள், துளையைச் சுற்றிப் பழுப்புப் பாகு கட்டியிருக்கும். சில துளைகள் வழியாகக் கரிச்சாம்பல் உள்ளே விழுந்து வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். அதற்குக் கீழே கருகிய பொறுக்கு, அதற்கும் கீழே ஈரச் சக்கை. கையால் மேலாக ஒரு சிட்டிகை எடுத்தால் அது கழிவு இல்லை, பொறுக்கு. ஃபாயிலையும் கரித்துண்டையும் பிளாஸ்டிக் இடுக்கியால் பிரித்து, மீதி முழுவதையும் எடுங்கள். இருபது கிண்ணமாவது சேர்த்துக் கலந்து, வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி பரப்பி மறுபடி பிரித்து 50 கிராமுக்குக் கொண்டுவாருங்கள்.

கரிச்சாம்பலைத் தனியாக ஒரு சாம்பிளாக அளந்தே ஆகவேண்டும். 25 மில்லிமீட்டர் கொட்டாங்குச்சிக் கரிக்கட்டி கிலோவுக்கு 72 வரும், ஒன்று 14 கிராம் சுமார். ஒரு கிண்ணத்துக்கு மூன்று வைப்பார்கள். புகையிலையைவிடக் கரி எடை அதிகம்! சாம்பல் எவ்வளவு உள்ளே விழுந்தது என்று தெரியாமல் "புகையிலைக் கழிவில் ஈயம்" என்று எழுதினால், கரியின் ஈயத்துக்குப் புகையிலை பழி சுமக்கும். தீக்குச்சி காட்டியதும் பற்றும் வட்டக் கரியில் பொட்டாசியம் நைட்ரேட் போன்றவை சேர்த்திருப்பார்கள், அதைத் தனி வகையாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அமிலக்குடுவை | 22-11-2023

இது பிப்பெட்டுக்கு மட்டும் இல்லை, யார் இதைக் கரைக்கப் போனாலும்.

பாகும் கிளிசரினும் உள்ள சாம்பிளில் அடர் நைட்ரிக் அமிலம் ஊற்றி உடனே மூடி மைக்ரோவேவ் டைஜெஸ்டரில் (சூடாக்கிக் கரைக்கும் கருவி) வைக்காதீர்கள். சர்க்கரையும் நைட்ரிக்கும் சேர்ந்தால் வாயு குபுகுபுவென்று வரும், மூடிய பாத்திரத்தில் அழுத்தம் எகிறும், வால்வு திறந்துகொண்டால் சாம்பிளும் போச்சு, காட்மியமும் போச்சு. 0.25 கிராமுக்கு மேல் எடுக்காதீர்கள். 8 மில்லி நைட்ரிக் ஊற்றி, மூடாமல், ஃபியூம் ஹுட்டுக்குள் ஓர் இரவு விடுங்கள். காவிப் புகை எழும்பி, நுரைத்து, காலையில் கலங்கிய டீ மாதிரி அடங்கியிருக்கும். பிறகு 2 மில்லி ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக. நுரை நின்றபின் மூடி, இருபது நிமிடத்தில் 180 டிகிரிக்கு ஏற்றி, இன்னொரு இருபது நிமிடம் நிறுத்தி, 50-க்குக் கீழ் ஆறியபின்தான் திறக்க வேண்டும். தண்ணீர் சேர்த்து 50 மில்லியாக்குங்கள்.

கந்தக அமிலம் பக்கமே போகாதீர்கள். நைட்ரிக்கும் கந்தக அமிலமும் கிளிசரினும் சேர்த்தால் என்ன வரும் என்று பிளஸ் டூ பாடத்திலேயே இருக்கிறது: நைட்ரோகிளிசரின், வெடிமருந்து. அதைச் செய்துதான் நோபல் பணக்காரர் ஆனார், நாம் வேண்டாம்.

சாம்பலாக்கிக் கரைக்கும் பழைய முறையில் 450 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். புகையிலையில் குளோரைடு உண்டு, சூடு ஏறினால் காட்மியம் குளோரைடாகக் கிளம்பிவிடும். குரூசிபிளில் மிஞ்சியதை அளந்துவிட்டு "குறைவாக இருக்கிறது" என்று மகிழ்வோம்.

பிப்பெட் | 25-11-2023

எங்க காலேஜ்ல ஃபிளேம் ஏஏஎஸ் மட்டும்தான் சார். வெளி லேப்ல கேட்டா ரிப்போர்ட் "பிடிஎல்"னு வரும்கிறாங்க. அப்படின்னா இல்லைன்னு அர்த்தமா?

அமிலக்குடுவை | 25-11-2023

பிடிஎல் என்றால் "எங்கள் கருவிக்குத் தெரியவில்லை" என்று அர்த்தம், பூஜ்யம் என்று அர்த்தமில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.63 மி.கி./கிலோ உள்ள கழிவில் 0.25 கிராம் எடுத்து 50 மில்லியாக்கினால், கரைசலில் லிட்டருக்கு 3 மைக்ரோகிராம். சாதாரண ஃபிளேம் ஏஏஎஸ்ஸுக்கு அது இருட்டு. கிராஃபைட் ஃபர்னஸ் அல்லது ஐசிபி-எம்எஸ் மாதிரி இன்னும் நுணுக்கமான கருவி வேண்டும். ஐசிபி-ஓஇஎஸ் ஒப்பேற்றும், விளிம்பில்தான். கையில் பிடித்துக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கியைக் காட்மியத்துக்கு நம்பவே வேண்டாம், அதன் எல்லை பத்து மி.கி. வாக்கில்.

அம்பத்தூரோ கிண்டியோ, எந்த லேபுக்குப் போனாலும் விலை கேட்கும் முன் இதைக் கேளுங்கள்: "காட்மியத்துக்கு உங்கள் அளவிடும் எல்லை, திட சாம்பிளில், கிலோவுக்கு எத்தனை மி.கி.?" 2 என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். 0.1 என்றால் உட்காருங்கள். அடுத்த கேள்வி, புகையிலை இலையிலோ வேறு இலையிலோ சான்றளித்த தரமாதிரி (உலோக அளவு முன்பே தெரிந்த சாம்பிள்) கூடவே ஓட்டுவீர்களா என்பது. போலந்தில் தயாரான புகையிலை இலைத் தரமாதிரிகள் உண்டு. கிடைக்காவிட்டால் அமெரிக்க என்ஐஎஸ்டியின் தக்காளி இலை 1573ஏ, அதில் காட்மியம் 1.5 மி.கி. வாக்கில். நம் அளவுக்குப் பக்கம்.

அமிலக்குடுவை | 27-11-2023

முன்பு குரோமியம் "சில மில்லிகிராம்" என்று எழுதினேன். அதற்கு ஓர் அடிக்குறிப்பு. ஐசிபி-எம்எஸ் அணுக்களை நிறை பார்த்து எண்ணும், அதில் குரோமியத்தை 52 நிறையில் பார்ப்பார்கள். பாகு முழுதாகக் கரையாமல் கார்பன் மிஞ்சினால், அந்தக் கார்பன் 12-ம் பிளாஸ்மாவின் ஆர்கான் 40-ம் கைகோர்த்து அதே 52-இல் போய் நிற்கும். கருவி குரோமியம் என்று எண்ணிவிடும். 53-க்கு மாறலாம் என்றால் அங்கே குளோரின் 37-ம் ஆக்ஸிஜன் 16-ம். பாகுச் சாம்பிளில் குரோமியம் தாறுமாறாக வந்தால் முதல் சந்தேகம் சர்க்கரை மேல். ஹீலியம் மோடில் (இந்தப் போலிகளை வடிகட்டும் முறை) திரும்ப ஓட்டிப் பாருங்கள். ஆர்செனிக்குக்கும் இதே வைத்தியம், அங்கே 75-இல் ஆர்கானும் குளோரினும். ஹைட்ரோகுளோரிக் சேர்க்காமல் நைட்ரிக்கோடு நிறுத்தியதற்கு ஒரு காரணம் இது.

சிலிம் | 29-11-2023

பித்தளை ஹூக்கா, மண் கிண்ணம், பளபளன்னு பச்சை கிளேஸ். அதுலருந்து ஈயம் வருமா? சும்மா தெரிஞ்சிக்கத்தான் கேக்கறேன், ஷோகேஸ்லதான் இருக்கு.

குப்பைவண்டி | 29-11-2023

ஷோகேஸ். சரி தலைவா, நம்பிட்டோம்.

அமிலக்குடுவை | 30-11-2023

வரலாம். மலிவான மட்பாண்ட கிளேஸில் ஈயம் சேர்ப்பது பழைய வழக்கம். பாத்திரங்களுக்கான சோதனை எளிது: கிண்ணத்தின் துளைகளை மெழுகால் அடைத்து, 4 சதவீத அசிட்டிக் அமிலம் நிரப்பி, அறை வெப்பத்தில் 24 மணி நேரம் விட்டு, அந்தக் கரைசலில் ஈயமும் காட்மியமும் பார்ப்பது. கிளேஸ் இல்லாத வெறும் சுட்டமண் கிண்ணம் இதற்குப் பரவாயில்லை. பித்தளைத் தண்டில், கடைசல் எளிதாக வரட்டும் என்று ஓரிரு சதவீதம் ஈயம் சேர்த்திருப்பார்கள், பற்றவைப்பில் ஈயப்பற்று வேறு. அது புகையிலைச் சக்கைக்கு வராது, அடித் தண்ணீருக்கு வரும். அந்தத் தண்ணீரையும் செடிக்கு ஊற்றக் கூடாது. நிகோட்டினும் தாரும் கலந்த தண்ணீர் அது.

மொட்டைமாடி | 10-12-2023

மிக்ஜாம் புயல்ல தெரு முழுக்க மூணு நாள் தண்ணி. அந்த டப்பாவும் கீழ படிக்கட்டுல மிதந்துச்சு. தண்ணியில எல்லாம் கரைஞ்சு போயிருக்குமா?

அமிலக்குடுவை | 10-12-2023

டப்பாவில் அரைக் கிலோ, காட்மியம் 0.3 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே கரைந்தாலும் 100 லிட்டர் தண்ணீரைக் குடிநீர் வரம்புக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். தெருவில் நின்றது லட்சக்கணக்கான லிட்டர். அந்தத் தண்ணீரில் பயப்பட வேண்டியது சாக்கடை. கொதிக்க வைத்துக் குடியுங்கள், சம்ப்பைக் கழுவி குளோரின் போடுங்கள்.

கரைதல் பற்றிப் பேசுகையில்: மழைநீர் லேசான அமிலம், அதில் காட்மியம் ஈயத்தைவிட எளிதாகக் கிளம்பும். போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மை ஈயத்தைக் கார்பனேட்டாகப் பிடித்து வைக்கும். கூவம், அடையாறு முகத்துவாரம் மாதிரி உப்புக் கலக்கும் இடத்தில் காட்மியம் குளோரைடோடு சேர்ந்து சேற்றிலிருந்து மறுபடி நீருக்கு வரும். மழைநீர் வடிகாலில் கொட்டக் கூடாது என்பதற்கு இது போதும்.

குப்பைவண்டி | 16-12-2023

நானும் ஒரு கணக்கு போட்டேன். ஒரு கடையில நாளைக்கு 100 கிண்ணம். ஆளுக்கு 9 கிராம், 900 கிராம் சக்கை. 0.63 வெச்சா நாளைக்கு 0.57 மி.கி. வருஷத்துக்கு 207 மி.கி. சரியா? பழைய கார்ட்லெஸ் ஃபோன், எமர்ஜென்சி லைட்ல இருக்கற நிக்கல்-காட்மியம் பேட்டரி, ஏஏ சைஸ் ஒண்ணுல 3 கிராமுக்கு மேல காட்மியம். 3,000 மி.கி. ஒரே ஒரு பேட்டரியைக் குப்பையில போடறதும், அந்தக் கடையைப் பதினாலு வருஷம் நடத்தறதும் காட்மியம் கணக்குல ஒண்ணு. நாம இத்தனை நாளா எதைப் பத்தி அடிச்சிக்கறோம்?

அமிலக்குடுவை | 17-12-2023

கணக்கு சரி. இரண்டு நாளாக இதைத் தப்பாக்க முடியுமா என்று பார்க்கிறேன், முடியவில்லை. [திருத்தம்: ஒரு நாளாக. பதிவு நேற்றுதான் வந்தது.]

மொட்டைமாடி அக்காவின் குரோ பேக்குக்கும் போடுவோம். வாரம் 20 கிராம் சக்கை, வருடத்துக்கு 0.66 மி.கி. காட்மியம். 12 கிலோ மண் கலவையில் கிலோவுக்கு 0.055 கூடும். சாதாரண மண்ணிலேயே 0.1 முதல் 0.5 வரை இருக்கலாம். ஆக, முதல் பதிவில் நான் காட்மியத்தை முன்னால் நிறுத்தியது கொஞ்சம் அதிகம். அந்த மூன்று பையில் இந்த வருடம் நிஜமாகத் தொல்லை தரக்கூடியவை வைரஸ், நிகோட்டின், கரிச்சாம்பலின் பொட்டாசியம் உப்பு, பாகுக்கு வரும் பூஞ்சணம், எறும்பு. காட்மியம் வரிசையில் கடைசி.

ஆனால் கடைசி என்பதால் விடவும் முடியாது. மற்றதெல்லாம் மக்கும், கழுவினால் போகும். இது ஒன்றுதான் போட்டது போட்டபடி கிடக்கும். கீரையில் காட்மியத்துக்கு கோடெக்ஸ் (உலக உணவுத் தரம்) வரம்பு கிலோவுக்கு 0.2 மி.கி. தென்னைநார்க் கழிவு கலந்த லேசான, புளிப்பேறிய மண்ணில் செடி இழுப்பதும் அதிகம். பத்து வருடம் போட்டால் 0.55 கூடும், அப்போது பேச்சு மாறிவிடும்.

வேப்பெண்ணெய் | 12-01-2024

அப்ப இருக்கறதை போகியில கொளுத்திடலாமே. நாளன்னிக்கு போகி. பழையன கழிதல்.

அமிலக்குடுவை | 12-01-2024

இந்த இழையிலேயே மோசமான யோசனை, அதுவும் பண்டிகை வாழ்த்தோடு. கிண்ணத்தில் 450 டிகிரிக்குள் இருந்ததால்தான் உலோகம் சக்கையிலேயே நின்றது. போகித் தீ 800-ஐத் தாண்டும். காட்மியம் 767-இல் கொதிக்கும், ஆர்செனிக் 615-இல் நேராக ஆவியாகும். இருந்த இடத்தில் சும்மா இருந்ததை எழுப்பித் தெருவுக்கே மூச்சில் கொடுப்பதாகிவிடும். மிஞ்சிய சாம்பலில் நிக்கலும் குரோமியமும் செறிந்து கிடக்கும், அதை எடுத்துப் பாத்திரம் தேய்க்கவும் ஆள் உண்டு.

குப்பைவண்டி | 13-01-2024

எங்க போடறதுன்னு இன்னும் யாரும் சொல்லலையே. 2016 திடக்கழிவு விதியில வீட்டு அபாயக் கழிவுன்னு பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, டியூப்லைட், பேட்டரி, காலாவதி மாத்திரை எல்லாம் பேர் சொல்லி இருக்கு. புகையிலை பேர் இல்லை. அதனால மக்கும் குப்பையில மட்டும் போடாதீங்க, அது நேரா உரமாக்கற நுண்ணுர மையத்துக்குப் போவும். கரியை முதல்ல இரும்பு வாளியில தண்ணி ஊத்தி அணைங்க. மேல சாம்பல் பூத்து அணைஞ்ச மாதிரி தெரியும், உள்ள கனல் இருக்கும். குப்பை எடுக்கற பேட்டரி வண்டியில தீப்பிடிக்கறது இந்த மாதிரிதான். உஸ்ஸுனு சத்தம் நிக்கற வரைக்கும் ஊத்தி, ஒரு ராத்திரி ஊறட்டும். அந்தத் தண்ணியும் ஹூக்காத் தண்ணியும் டாய்லெட்ல. சக்கை, ஃபாயில், கரி மூணும் ஒரே கவர்ல இறுக்கி முடிச்சுப் போட்டு, மக்காத குப்பையில, வண்டிக்காரம்மா கையில சொல்லிக் குடுங்க. ஃபாயிலைத் தனியா பிரிச்சா பழைய பேப்பர்க்காரர் வாங்குவாருன்னு நினைக்காதீங்க, பாகு ஒட்டினதை யாரும் எடுக்க மாட்டாங்க. டப்பாவைத் திறந்து வெக்காதீங்க, இனிப்பு வாசனைக்கு நாய் வரும், குழந்தை வரும். நிகோட்டின் அதுங்களுக்கு விளையாட்டு இல்லை.

மொட்டைமாடி | 20-01-2024

தக்காளி இலையெல்லாம் பச்சை மஞ்சளா திட்டுத் திட்டா சுருண்டு போச்சு. வைரஸேதான் போல. புடுங்கிட்டேன். இந்த மூணு பை மண்ணை என்ன பண்றது? சாமந்தி வெச்சா பூ சாப்பிடறது இல்லையே?

அமிலக்குடுவை | 20-01-2024

தக்காளியைப் பிடுங்கிய கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த செடியைத் தொட வேண்டும், கத்தரிக்கோலையும் அப்படியே கழுவுங்கள். அந்தப் பையில் இரண்டு வருடத்துக்குத் தக்காளி, மிளகாய், கத்தரி வேண்டாம். மற்ற இரண்டு பையில் கீரை தவிர்த்து சாமந்தி வைக்கலாம்.

குப்பைவண்டி | 21-01-2024

சாமந்தி சாமிக்குப் போவும், காஞ்ச பூ மக்கும் குப்பைக்குப் போவும், அது நுண்ணுர மையத்துக்கு வரும், உரமாயி திரும்ப யாரோ ஒருத்தர் மாடிக்கே போவும்.

அமிலக்குடுவை | 21-01-2024

அதுவும் சரி. குரோட்டன்ஸ் வையுங்கள் அக்கா.